டீக்கடையில் வேதாகமம்: கேள்வி கேட்பவர்களோடு பேசத் தொடங்குவோருக்கு

திருநெல்வேலிச் சீமையில் வளரும் கிறிஸ்தவப் பிள்ளை, வேதாகமத்தைப் பற்றிய முதல் எதிர்க்கேள்வியைப் புத்தகத்தில் படிப்பதில்லை. பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் அறைத்தோழன் கேட்பான். ஜங்ஷன் பக்கம் டீக்கடையில் கறுப்புச் சட்டை அண்ணாச்சி கேட்பார். கல்யாண வீட்டுப் பந்தியில், சென்னையில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனே கேட்பான்: "இதையெல்லாம் யார் எழுதினார்கள் என்று உனக்குத் தெரியுமா?" ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனப் போட்டிக்குப் பரிசு வாங்கிய பிள்ளை அங்கே வாயடைத்து நிற்கும், இல்லையென்றால் குரலை உயர்த்தும். நம் சபைகளில் வசனத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம். அது நம் கைக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்லிக்கொடுப்பதில்லை. வாயடைப்பதற்கும் குரல் உயர்வதற்கும் காரணம் அதுதான்.

அந்த வழியைத் தெரிந்துகொண்டு, சத்தம் போடாமல் பேச விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதிராளியை மண்ணைக் கவ்வ வைக்கும் உத்தி தேடுபவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

முதல் வேலை: எந்தக் கேள்வி என்று பிரிப்பது

"பைபிளை நம்ப முடியுமா?" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அன்று எழுதியது மாறாமல் நம் கைக்கு வந்ததா? அதில் சொன்ன சம்பவம் நடந்ததா? அது கடவுளின் வார்த்தையா? முதலாவது ஏடுகளைப் பற்றிய கேள்வி. இரண்டாவது வரலாற்றுக் கேள்வி. மூன்றாவது விசுவாசத்தைச் சேர்ந்தது. டீக்கடை விவாதங்கள் பத்தில் ஒன்பது கெடுவது, ஒருவர் முதல் கேள்வியைக் கேட்க, மற்றவர் மூன்றாவதுக்குப் பதில் சொல்வதால்தான்.

நம் பக்கத்துப் பிரசங்கிகள் அடிக்கடி செய்யும் தாவல் ஒன்று உண்டு. "ஆயிரக்கணக்கான கையெழுத்துப் படிகள் இருக்கின்றன, ஆகவே வேதம் உண்மை" என்பார்கள். சிலப்பதிகாரத்தின் ஏடுகளை ஒப்பிட்டு, இளங்கோ எழுதிய பாடம் இதுதான் என்று ஐயமில்லாமல் நிறுவிவிடலாம். அதனால் கண்ணகியின் சொல்லுக்கு மதுரை எரிந்தது வரலாறாகிவிடுமா? ஆகாது. நகரம் எரிந்ததற்கு வேறு சான்று தேட வேண்டும். உங்கள் எதிரில் இருப்பவர் கொஞ்சம் படித்தவராக இருந்தால் இந்த ஓட்டையை உடனே பிடித்துவிடுவார். ஆகவே பேச்சைத் தொடங்குமுன் கேளுங்கள்: "அண்ணாச்சி, ஏடு மாறிவிட்டது என்கிறீர்களா, சம்பவமே நடக்கவில்லை என்கிறீர்களா?" இந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

கையில் இருக்கும் புத்தகத்தை அறிந்துகொள்வது

உங்கள் வீட்டு மேஜையில் இருக்கும் பழைய திருப்புதல், பவர் ஐயரின் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்தது. இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல்லும் அந்தத் திருத்தப் பணியில் பங்கு பெற்றவர். அதற்கு முன்பு பப்ரிஷியஸின் மொழிபெயர்ப்பு இருந்தது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், புதிய ஏற்பாட்டை எளிய தமிழில் புதிதாகக் கொண்டுவந்தார். எல்லாவற்றுக்கும் முன்னோடி தரங்கம்பாடியில் சீகன்பால்கு; அவருடைய புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது.

இந்தப் பெயர்களைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. "மொழிபெயர்ப்பிலிருந்து மொழிபெயர்ப்பு, அதிலிருந்து இன்னொன்று என்று வந்து மூலமே காணாமல் போய்விட்டது" என்பது நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் குற்றச்சாட்டு. சீகன்பால்கு முதல் பவர் வரை எல்லோரும் கிரேக்க, எபிரெய மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்தார்கள். இன்று புதிதாக மொழிபெயர்ப்பவரும் அந்த மூலங்களுக்கே போகிறார். பதில் அவ்வளவுதான், நீட்டத் தேவையில்லை.

கத்தோலிக்க நண்பர்கள் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் 73 நூல்கள், நம் வேதாகமத்தில் 66. பாளையங்கோட்டையில் இரு சபையாரும் அடுத்தடுத்த தெருவில் இருப்பதால் இந்த எண்ணிக்கை எப்படியும் பேச்சில் வரும். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இருந்த சில நூல்களைக் கத்தோலிக்கர் ஏற்கிறார்கள்; சீர்திருத்தச் சபைகள் எபிரெயப் பட்டியலோடு நின்றுகொண்டன. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் இரு பக்கத்தாருக்கும் வேறுபாடு இல்லை. இதை நீங்களே முந்திச் சொல்லிவிட்டால், "உங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையே" என்ற கிண்டலுக்கு இடம் குறையும்.

ஏடுகள்: கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி

நான்கு பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது மான்செஸ்டரில் இருக்கும் பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு. உயரம் ஏறக்குறைய 9 செ.மீ., அகலம் 6 செ.மீ. யோவான் 18-ஆம் அதிகாரத்தில், பிலாத்துவின் முன் இயேசு நிற்கும் பகுதியின் சில வரிகள் இரு பக்கமும் எழுதப்பட்டிருக்கின்றன. பொதுவாக இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். இது எழுத்தின் வடிவத்தை வைத்துப் போடும் கணிப்பு. ஏட்டில் ஆண்டு எழுதியிருக்கவில்லை. சற்றுப் பிந்தியது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. "கி.பி. 125, சரியாக" என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

அடுத்த இரண்டும் நான்காம் நூற்றாண்டுத் தோல் ஏடுகள்: சீனாய் ஏடும் வத்திக்கான் ஏடும். சீனாய் ஏட்டின் பெரும் பகுதி இன்று லண்டனில் இருக்கிறது. சோவியத் அரசிடமிருந்து 1933-இல் ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கினார்கள்.

நான்காவது சாக்கடல் சுருள்கள். 1947-இல் கும்ரான் குகைகளில் முதலில் கிடைத்தன. அதுவரை நமக்குக் கிடைத்த முழு எபிரெயப் பழைய ஏற்பாட்டு ஏடுகளில் பழமையானது கி.பி. 1008-ஐ ஒட்டியது. கும்ரானில் கிடைத்த ஏசாயா சுருள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி, ஆனாலும் சாரம் ஒன்றுதான். எழுத்திலும் சொல்லிலும் வேறுபாடுகள் ஏராளம் உண்டு, புத்தகம் வேறு புத்தகமாகிவிடவில்லை. இதோடு நிறுத்தினால் பாதி உண்மை. அதே குகைகளில் எரேமியாவின் இரண்டு வடிவங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று இன்னொன்றைவிடச் சுருக்கமானது. கிரேக்க மொழிபெயர்ப்பில் இருக்கும் எரேமியாவும் இப்படியே சுருங்கியது. சில நூல்கள் அந்தக் காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் உலவின என்பதை ஒப்புக்கொண்டு பேச வேண்டும்.

மேலப்பாளையத்து முஸ்லிம் நண்பர் "வேதம் பின்னால் திருத்தப்பட்டது" என்று சொல்லும்போதும் இந்த ஏடுகள்தான் உதவும். சீனாய், வத்திக்கான் ஏடுகள் இரண்டும் நபிகள் நாயகம் பிறப்பதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டவை. இன்று அச்சாகும் கிரேக்கப் புதிய ஏற்பாடு பெரிதும் அவற்றையே ஒட்டியது. ஆகவே ஏழாம் நூற்றாண்டுக்குப் பிறகு யாரோ மாற்றினார்கள் என்பது ஏடுகளோடு பொருந்தாது. அவருடைய மறையைத் தொட்டுப் பேசாமலே இதைச் சொல்லலாம், அப்படித்தான் சொல்லவும் வேண்டும்.

கிரேக்கப் படிகளின் எண்ணிக்கையைச் சொல்லி மிரட்டும் பழக்கம் நமக்கு உண்டு. ஐயாயிரத்துக்கு மேல் இருப்பது உண்மை. அவற்றில் பெரும்பாலானவை ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை என்பதும் உண்மை. இரண்டாவதை மறைத்து முதலாவதை மட்டும் சொன்னால், மறுநாள் அவர் அதைத் தேடிப் படித்துவிட்டு வந்து நிற்பார்.

இனி பாடபேதம். "உங்கள் ஏடுகளில் லட்சக்கணக்கான வேறுபாடுகள் இருக்கின்றன" என்பார்கள். இருக்கின்றன. தமிழ் படித்தவருக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இருக்கக் கூடாது. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டுக்காக ஆழ்வார்திருநகரி வரை ஏடு தேடி வந்தவர். ஒரே ஓர் ஏடு இருந்தால் அதில் பிழை எது, சரி எது என்று தெரியாது. பல ஏடுகள் கிடைத்தால் வேறுபாடுகள் பெருகும், பிழையும் பிடிபடும். புதிய ஏற்பாட்டு வேறுபாடுகளில் மிகப் பெரும்பாலானவை எழுத்துப் பிழை, சொல் முன்பின்னாதல் போன்றவை.

ஆனால் எல்லாமே அற்பமானவை என்று தட்டிக்கழிக்க முடியாது. மூன்று இடங்களை நீங்களே திறந்து காட்டுங்கள். மாற்கு 16-இல் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் சீனாய் ஏட்டிலும் இல்லை, வத்திக்கான் ஏட்டிலும் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு மன்னித்து அனுப்பும் யோவான் 8-ஆம் அதிகாரச் சம்பவமும் மிகப் பழைய ஏடுகளில் காணப்படுவதில்லை. மூன்றாவது 1 யோவான் 5:7: "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி". நம் பழைய திருப்புதலில் அது இருக்கிறது. பழைய கிரேக்க ஏடுகளில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்ட அறிஞர் எராஸ்மஸ், தம் முதல் இரண்டு பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு வலுத்த பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். அந்த வழி வந்த கிரேக்கப் பதிப்பிலிருந்து தமிழுக்கும் வந்தது.

புதியவர் இங்கேதான் கலங்குவார். இந்த வசனத்தை மேற்கோள் காட்டித் திரித்துவத்தை நிறுவப் பழகியிருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். அந்த உபதேசம் இந்த ஒரு வசனத்தின் மேல் நிற்கவில்லை. இதை எதிராளி சொல்லி நாம் கேட்பதைவிட நாம் சொல்லி அவர் கேட்பது நல்லது. தன் புத்தகத்தின் பலவீனமான இடம் எது என்று தெரிந்தவனிடம் பேசுகிறோம் என்ற மரியாதை அப்போதுதான் வரும்.

யார் தேர்ந்தெடுத்தது?

இந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்.

"தம்பி, 325-இல் கான்ஸ்டன்டைன் ராஜா நைசீயாவில் கூட்டம் போட்டு, ஓட்டெடுத்துத்தானே எந்தப் புத்தகம் வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்?"

"கூட்டம் நடந்தது உண்மைதான், அண்ணாச்சி. ஆரியுஸ் என்பவரின் போதனையைப் பற்றியும், ஈஸ்டர் தேதியைப் பற்றியும் பேசினார்கள். அங்கே இயற்றிய விதிகள் இன்றும் கிடைக்கின்றன. புத்தகப் பட்டியல் அவற்றில் இல்லை."

"பிறகு யார்தான் முடிவு செய்தது?"

"ஒரு நாளில், ஒரு கூட்டத்தில் முடிந்த காரியம் இல்லை. நான்கு சுவிசேஷம்தான் என்று கி.பி. 180 வாக்கிலேயே ஐரேனியஸ் என்ற பிஷப் எழுதியிருக்கிறார். எபிரெயர், 2 பேதுரு, வெளிப்படுத்தல் போன்றவற்றைப் பற்றி நீண்ட காலம் தகராறு இருந்தது. இப்போது நம்மிடம் இருக்கும் 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் முதல் பட்டியல், அலெக்சாந்திரியாவின் பிஷப் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது."

"அதுவரை தகராறு இருந்தது என்று நீயே ஒப்புக்கொள்கிறாயே!"

"ஒப்புக்கொள்கிறேன். சீனாய் ஏட்டிலேயே பர்னபாவின் நிருபம் என்று ஒரு நூல் கூடுதலாக இருக்கிறது."

இதில் மறைக்க எதுவும் இல்லை. சபைகள் எந்த நூல்களை வாசித்துப் பழகினவோ அவை நிலைத்தன. பட்டியல் பின்னால் வந்தது. இதைக் கடவுளின் நடத்துதல் என்று நாம் நம்புகிறோம். வரலாற்று மாணவர் சமூக வழக்கம் என்பார். அந்த இடத்தில் ஏடுகளின் வேலை முடிந்து மூன்றாவது கேள்வி தொடங்குகிறது என்பதையும் அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

நடந்ததா?

வேதாகமத்துக்கு வெளியே இருந்து வரும் சான்றுகளில் சில உறுதியானவை. பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது. "தாவீதின் வீடு" என்ற சொல் உள்ள கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு 1993-இல் தேல் தாணில் கிடைத்தது. கி.மு. 1208-ஐ ஒட்டிய எகிப்தியக் கல்வெட்டு ஒன்றில் இஸ்ரவேல் என்ற பெயர் வருகிறது. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், கி.பி. 116 வாக்கில், பிலாத்துவின் கீழ் கிறிஸ்து கொல்லப்பட்டதை எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் மேல் அவருக்குக் கடும் வெறுப்பு, அதனாலேயே அந்தச் சாட்சிக்கு மதிப்பு. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸின் நூலில் இயேசுவைப் பற்றி வரும் நீண்ட பத்தியைக் காட்டாதீர்கள். அதில் பின்னால் கிறிஸ்தவர்கள் கைவைத்திருக்கிறார்கள் என்பது ஏறக்குறைய எல்லா அறிஞர்களின் கருத்து. "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு" என்று அவர் வேறோர் இடத்தில் போகிற போக்கில் குறிப்பிடுவது அதைவிட வலுவானது.

"இயேசு காலத்தில் நாசரேத் என்ற ஊரே இல்லை" என்று ஒரு வாதம் உண்டு. நம் பக்கத்து நாசரேத்தில் உட்கார்ந்துகொண்டே இதைச் சொல்பவரும் இருக்கலாம். கலிலேயாவின் நாசரேத்தில் அகழாய்வில் அந்தக் காலத்து வீடு ஒன்று வெளிப்பட்டதை 2009-இல் இஸ்ரவேல் தொல்லியல் துறை அறிவித்தது. சிற்றூர்தான், ஆனால் ஊர் இருந்தது.

நம் பக்கம் கடினமான இடங்களும் உண்டு. லட்சக்கணக்கானோர் எகிப்திலிருந்து புறப்பட்டதற்கு நேரடித் தொல்லியல் சான்று கிடைக்கவில்லை. 1950-களில் எரிகோவைத் தோண்டிய காத்லீன் கென்யன், யோசுவாவின் காலமாகப் பலர் கருதும் நாளில் அங்கே மதில் சூழ்ந்த நகரம் இல்லை என்று முடிவுக்கு வந்தார். இயேசு பிறந்த சமயத்தில் சிரேனியு என்ற ரோம ஆளுநரின் காலத்தில் எடுத்த குடிமதிப்பு லூக்கா 2:2-இல் வருகிறது. வெளிச் சான்றுகளின்படி அது கி.பி. 6-இல் நடந்தது, இயேசு பிறந்தபோது அரசனாக இருந்ததாக மத்தேயு சொல்லும் ஏரோதோ கி.மு. 4-இல் இறந்துவிட்டான். இவற்றுக்கு விளக்கம் சொன்னவர்கள் பலர், எல்லோரையும் திருப்திப்படுத்திய விளக்கம் இன்னும் வரவில்லை. யூதாஸ் நான்றுகொண்டு செத்தான் என்கிறது மத்தேயு. தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். கயிறு அறுந்து விழுந்திருப்பான் என்று சொல்வது நம் ஊகம், வசனத்தில் கயிறு அறுந்ததாக இல்லை. ஊகத்தை ஊகம் என்றே சொல்லுங்கள்.

உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசும்போது சுவிசேஷங்களிலிருந்து தொடங்காமல் பவுலிலிருந்து தொடங்குவது என் விருப்பம். சுவிசேஷங்களை எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பதில் விவாதம் ஓயாது. நூல்களுக்குள் ஆசிரியர் தம் பெயரைச் சொல்வதில்லை. 1 கொரிந்தியரைப் பவுல் எழுதினார் என்பதை நாத்திக அறிஞர்களும் ஏற்கிறார்கள். காலம் கி.பி. 55 வாக்கில். அதன் 15-ஆம் அதிகாரத்தில், தாம் முன்பே பெற்றுக்கொண்டதாக அவர் ஒப்புவிக்கும் சாட்சிப் பட்டியல் வருகிறது. அந்த நம்பிக்கை மிகத் தொடக்கத்திலேயே இருந்தது என்பதை இது காட்டும். அந்த நம்பிக்கை சரியா என்பதை ஏடு காட்டாது.

தூக்கி எறிய வேண்டியவை

தொலைந்துபோன ஒரு நாளை நாசா கணினி கண்டுபிடித்து யோசுவாவை மெய்ப்பித்தது, செங்கடலின் அடியில் பார்வோனின் ரதச் சக்கரங்கள் கிடைத்தன, அரராத் மலையில் நோவாவின் பேழை இருக்கிறது — வாட்ஸ்அப்பில் வரும் இவை எதுவும் நிற்காது. ஒன்றைச் சொன்னாலும் மற்ற நல்ல சான்றுகள் எல்லாம் சேர்ந்து கெட்டுப்போகும். கன்வென்ஷன் மேடையில் யார் சொல்லியிருந்தாலும் சரி.

அவர்கள் பக்கத்திலும் இதே சரக்கு உண்டு. இயேசு இந்தியாவுக்கு வந்து படித்தார் என்பது நோட்டோவிச் என்ற ரஷ்யர் 1894-இல் கிளப்பிவிட்ட கதை. அடுத்த ஆண்டே நேரில் போய் விசாரித்து அது பொய்யென்று காட்டிவிட்டார்கள். டிசம்பர் 25 வேற்றுத் தெய்வத்தின் பிறந்தநாள் என்றால் விட்டுவிடுங்கள். அந்தத் தேதி வேதாகமத்திலேயே இல்லை.

பேசும் முறை

வேதம் உண்மை என்று வேதமே சொல்கிறது என்று 2 தீமோத்தேயு 3:16-ஐ எடுத்து வைக்காதீர்கள். சந்தேகப்படுபவருக்கு அது பதிலாகாது.

வயதில் மூத்தவரைக் கடையில் நாலு பேர் முன்னால் மடக்க வேண்டாம். அண்ணாச்சி தோற்றுப் போனதாக ஊர் பேசினால், அதற்குப் பிறகு அவர் காதில் எதுவும் ஏறாது. தெரியாத கேள்வி வந்தால், "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி, உண்மையிலேயே பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். இதை நம்மில் செய்பவர் குறைவு.

கொஞ்ச நேரத்தில் பேச்சு ஏடுகளை விட்டு வேறு பக்கம் திரும்பும். "வேதக்கோயிலுக்குள் சாதி பார்க்கிறீர்களே, அதற்கு உங்கள் புத்தகம் என்ன சொல்கிறது?" என்பார். விஷயத்தை மாற்றுகிறார் என்று கோபப்படாதீர்கள். அவர் முதலிலிருந்தே கேட்க நினைத்தது அதுவாக இருக்கலாம். அது ஏடுகளின் நம்பகத்தைப் பற்றிய கேள்வி இல்லை. ஆனால் உண்மையான கேள்வி. எந்தச் சுருளும் கல்வெட்டும் அதற்குப் பதில் சொல்லாது. கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்னும் கலாத்தியர் 3:28-ஐப் படித்துக் காட்டிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. வசனம் இருக்கிறது, நாம்தான் கைக்கொள்ளவில்லை என்று சொல்வதே நேர்மை.

தொடங்க விரும்புபவருக்கு வாசிப்பு வரிசை ஒன்று. மாற்கு முழுவதையும் ஒரே அமர்வில் படியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடுத்து 1 கொரிந்தியர் 15. பிறகு லூக்காவின் முதல் நான்கு வசனங்கள்; கண்ணாரக் கண்டவர்கள் சொன்னதைத் திட்டமாய் விசாரித்து எழுதுவதாக அவர் சொல்கிறார். கடைசியாக மத்தேயு 2-ஐயும் லூக்கா 2-ஐயும் அருகருகே திறந்து வைத்து, யார் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேறுபடும் இடங்களை நீங்களே அடிக்கோடிடுங்கள். அந்தத் தாளோடு சேகர குருவானவரிடமோ வேதம் கற்ற பெரியவரிடமோ போய் உட்கார்ந்து கேளுங்கள். டீக்கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.